பெரியப்பாவின் வாட்ஸ்அப்பில் எம்எச்370 இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. என்ன பதில் சொல்வது?

பட்டர்வொர்த் கலா கேட்கிறார்:

வணக்கம். மலேசியாவில் பட்டர்வொர்த்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2014-இல் காணாமல் போன மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் எம்எச்370-ஐ 2025 டிசம்பர் 30 முதல் மறுபடியும் தேடப் போகிறார்கள் என்று போக்குவரத்து அமைச்சு அறிவித்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு விழித்துக்கொண்டது. பெரியப்பா ஒரு நாளைக்கு நாலைந்து அனுப்புகிறார். காலையில் கோப்பி குடிக்கும்போது இந்தியப் பெருங்கடல் தீவு டியாகோ கார்சியா. அமெரிக்கர்கள் தங்கள் தளத்தில் இறக்கி ஒளித்துவைத்திருக்கிறார்களாம். மத்தியானம், பயணிகளின் கைபேசி நாலு நாள் வரை மணி அடித்தது என்று ஒரு குரல் பதிவு. ராத்திரி, அதே 2014 ஜூலையில் உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17-உம் இதே விமானம்தான், எண்ணை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு காணொளி.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். விமான நிலையத்தில் ஒரு போமோ, அதாவது மலாய் மந்திரவாதி, இரண்டு தேங்காயையும் மூங்கில் தொலைநோக்கியையும் வைத்துக்கொண்டு விமானத்தைத் தேடியதை நேரிலேயே பார்த்த நாடு எங்களுடையது. ஆனால் போன வாரம் குழுவில் அக்கா மகள், பதினாலு வயது, "அப்படின்னா அவங்க எல்லாரும் உயிரோட இருக்காங்களா தாத்தா?" என்று கேட்டாள். பெரியப்பா பதில் போடவில்லை. வேறு யாரும் போடவில்லை. நானும்தான்.

எனக்கே சரியாகத் தெரியாது. அந்த விமானம் எங்கள் பக்கமாகத் திரும்பி வந்தது என்கிறார்கள். எங்கள் ஊரிலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது. அப்புறம் எப்படித் தப்பியது? தெற்கே போனது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் எளிமையாகச் சொன்னால் பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது பேசிப் பார்க்கிறேன்.

கோவை கிங்:

நான் டீக்கடை வாசலில் நின்றாலே "இந்தக் கடைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்" என்று கூகுள் கேட்கிறது. இருநூறு அடி நீள போயிங் 777, உள்ளே 239 பேர், பதினொரு வருஷமாகக் காணோம் என்கிறீர்கள். உங்கள் பெரியப்பா சொல்வதில் ஏதோ இருக்கிறது மேடம். அவ்வளவுதான் சொல்வேன்.

ஸ்பார்க்ஸ் தூத்துக்குடி:

கோவைத் தம்பிக்கு முதலில். கூகுள் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஃபோன்தான் "இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்" என்று பக்கத்து டவரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. விமானமும் அப்படித்தான். அதன் டிரான்ஸ்பாண்டர் பேசுகிற வரைக்கும் கண்ட்ரோலர் திரையில் பெயரும் உயரமும் தெரியும். அது வாயை மூடிக்கொண்டால், கரையை விட்டுத் தள்ளிப்போன விமானத்தைப் பார்க்கக் கடலில் ஆளே கிடையாது. கடலில் டீக்கடை இல்லை தம்பி.

கலா, நான் 1981-லிருந்து சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசர். கப்பலில் அந்த வேலை பார்ப்பவனை ஸ்பார்க்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், பேரே மறந்துவிடும். முதலில் மோர்ஸ், பின்னால் இன்மார்சாட் செயற்கைக்கோள். இந்த விவகாரத்தில் எனக்குக் கொஞ்சமாவது புரிந்த பகுதி அந்தக் கடைசிப் பாதிதான். மற்றதெல்லாம் உங்களைப் போல அறிக்கைகளைப் படித்துத் தெரிந்துகொண்டது.

எங்கள் ரேடியோ அறையில் ஒரு கடிகாரம் இருக்கும். அதன் முகத்தில் 15 முதல் 18 வரையும், 45 முதல் 48 வரையும் சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும். முள் அந்தப் பட்டைக்குள் வந்ததும் உலகத்தில் எந்தக் கப்பலாக இருந்தாலும் 500 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் அடிக்கும் சாவியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். மூன்று நிமிஷம் யாரும் எதுவும் அனுப்பக் கூடாது. எங்கேயோ ஒருவன் பேட்டரி தீர்ந்துபோய் மெலிசாக எஸ்ஓஎஸ் அடித்துக்கொண்டிருந்தால் அது மற்றவர்கள் சத்தத்தில் அமுங்கிப் போகக் கூடாது, அதற்காக. 2014 மார்ச்சில் டிவி பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்புப் பட்டைதான் ஞாபகம் வந்தது. ஒருத்தரும் கையை எடுக்கவில்லை. ஒரு அமெரிக்க சேனலில் கருந்துளை விழுங்கியிருக்குமோ என்று வாய்விட்டே கேட்டார்கள். ஒரு பாடகி செயற்கைக்கோள் படத்தில் அம்புக்குறி போட்டு "இதோ விமானம்" என்றார்.

என்னை மட்டும் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாரம் துறைமுக ரோட்டு டீக்கடையில் நான்தான் நிபுணன். "தென்சீனக் கடல்தான், சந்தேகமே வேண்டாம். வியட்நாம் பக்கம் எண்ணெய் மிதக்கிறது, பார்த்தீங்களா? தீப்பிடிச்சு விழுந்திருக்கு" என்று அடித்துச் சொன்னேன். கேட்டவர்கள் அதை நாலு பேரிடம் சொல்லியிருப்பார்கள். அந்த எண்ணெய் விமானத்தினுடையதே இல்லை. அப்புறம் டாம்னாட் என்ற இணையதளத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மகன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூன்று ராத்திரி தேடினேன். இறக்கை என்று நான் குறித்துவைத்த மூன்றும் அலைநுரை. இருபது வருஷத்துக்கு மேல் கடலைப் பார்த்தவன் கண்ணுக்கே அந்த லட்சணம்.

சரி, நடந்தது இது. 2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டி 12:42-க்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்புகிறது. 1:19-க்குக் கடைசிப் பேச்சு, "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ". வியட்நாம் வான்பரப்பின் வாசலில் இகாரி என்று ஒரு புள்ளி. அதைத் தாண்டியதும் 1:21-க்கு டிரான்ஸ்பாண்டர் நின்றுபோகிறது. இந்த இடத்தைக் கவனியுங்கள். கோலாலம்பூர்க்காரர்கள் "ஹோ சி மின்னிடம் ஒப்படைத்தாயிற்று" என்று இருந்துவிட்டார்கள். ஹோ சி மின்காரர்கள் "இன்னும் கூப்பிடவில்லையே" என்று காத்திருந்து, 1:38-க்குத்தான் கேட்டார்கள். ராத்திரி பஸ்ஸில் ஒருவனை ஏற்றிவிட்டவரும் இறக்கிக்கொள்ள வேண்டியவரும் ஆளுக்கு ஆள் மற்றவரை நம்பியது போல. அதற்கும் மேலே, விமானம் கம்போடியா வான்பரப்பில் இருக்கிறது என்று விமான நிறுவனத்திலிருந்தே தகவல் வந்தது. அது நிஜமாகக் கிடைத்த இடம் இல்லை. திட்டப்படி பறந்திருந்தால் இந்நேரம் எங்கே இருக்கும் என்று கணினி போட்ட கோடு. ஆக முதல் வதந்தி வாட்ஸ்அப்பில் பிறக்கவில்லை. ஆபீசுக்குள்ளேயே பிறந்தது. ஆபத்து நிலை அறிவித்தபோது காலை 6:32. பெய்ஜிங்கில் இறங்கியிருக்க வேண்டிய நேரமே கடந்துவிட்டது.

இதற்குள் அது திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குத் தீவுக்குத் தெற்கே போய், வடமேற்காக மலாக்கா நீரிணைக்கு மேல் ஏறுகிறது. 1:52-க்குத் துணை விமானியின் கைபேசியைப் பினாங்கில் ஒரு டவர் ஒரு கணம் பிடித்திருக்கிறது. பண்டார் பாரு ஃபார்லிம் டவர். உங்களுக்குத் தெரிந்த இடமாக இருக்கும். பேசவில்லை, டவர் அந்தக் கைபேசி இருப்பதைக் கண்டுகொண்டது, அவ்வளவுதான். ராணுவ ராடாரிலும் தெரிந்திருக்கிறது. எதிரி இல்லை, நம் விமானம்தான் என்று இருந்துவிட்டதால் எதையும் எழுப்பி அனுப்பவில்லை. 2:22-க்கு ராடாரும் விட்டுவிடுகிறது. ராடாரில் தெரிந்தது எம்எச்370-தான் என்று பிரதமர் நஜீப் ரசாக் வெளியே வந்து சொன்னது மார்ச் 15. அதுவரை ஒரு வாரம் கப்பல்களும் விமானங்களும் தென்சீனக் கடலையும் சலித்துக்கொண்டிருந்தன. அந்த ஒரு வாரத்தில் பிறந்த கதைகள்தான் உங்கள் பெரியப்பா ஃபோனில் இன்னும் குடித்தனம் நடத்துகின்றன.

இனி என் பகுதி. 2:25-க்கு விமானத்தின் செயற்கைக்கோள் கருவி தானாகவே உயிர் பெற்று "வந்துவிட்டேன்" என்று பதிவு செய்கிறது. அதன் பிறகு ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லையென்றால் பெர்த்திலுள்ள தரை நிலையம் "இருக்கிறாயா?" என்று கேட்கும். கருவி "இருக்கிறேன்" என்று சொல்லும். விமானியைக் கேட்டு இல்லை, கருவிக்கும் கருவிக்கும் நடக்கிற பேச்சு. இதைக் கைகுலுக்கல் என்பார்கள். 3:41, 4:41, 5:41, 6:41 என்று பதில் வந்துகொண்டே இருக்கிறது. அடுத்தது 7:41 இல்லை, 8:11. ஏனென்றால் நடுவில் 7:13-க்குத் தரையிலிருந்து ஒரு செயற்கைக்கோள் தொலைபேசி அழைப்பு போட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்த அழைப்பால் ஒரு மணி நேரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்த மாதிரிச் சின்னச் சின்ன ஒழுங்கைப் பார்க்கும்போதுதான் எனக்கு இந்தப் பதிவின் மேல் நம்பிக்கை வந்தது. கதை கட்டுகிறவன் 7:41 என்றுதான் எழுதியிருப்பான்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எத்தனை நேரம் என்பது பதிவாகியிருக்கிறது. கப்பலில் எக்கோ சவுண்டர் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வது போல, இந்த நேரத்தை வைத்துச் செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லலாம். தூரம் மட்டும்தான் தெரியும், திசை தெரியாது. அதனால் வரைபடத்தில் புள்ளி வைக்க முடியாது, வட்டம்தான் வரைய முடியும். வட்டத்தின் வடபக்கம் கஜகஸ்தான் வரை, தென்பக்கம் இந்தியப் பெருங்கடல். அந்த வாரம் "கஜகஸ்தானில் இறக்கிவிட்டார்கள்" என்று ஒரு கதை ஓடியதே, அதற்கு விதை இந்த வடபாதி வட்டம்.

வடக்கா தெற்கா என்று தீர்த்தது அலைவரிசை. ரயில் நெருங்கும்போது ஊதல் கீச்சென்றும் விலகும்போது கனத்தும் கேட்கிறதல்லவா, அதே கணக்கு. விமானத்துக் கருவி இந்த வித்தியாசத்தைத் தானே சரிசெய்துதான் அனுப்பும். ஆனால் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே அசையாமல் நிற்கிறது என்று எண்ணிச் சரிசெய்யும். நிஜத்தில் அது 1996-இல் ஏவிய பழைய செயற்கைக்கோள், வயதான ஆளைப் போல வடக்கும் தெற்குமாக லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தால் ஒரு சின்னப் பிசகு மிஞ்சியது. அந்தப் பிசகு தெற்கே போகிற விமானத்துக்குத்தான் பொருந்தியது. அதே செயற்கைக்கோளோடு பேசிய வேறு விமானங்களின் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிசகை வைத்துத் திசை கண்டுபிடித்தார்கள் பாருங்கள், எழுந்து நின்று கை தட்டினேன் வீட்டில்.

கடைசியாக 8:19. இந்த முறை பெர்த் கேட்கவில்லை, விமானத்துக் கருவியே மறுபடி பதிவு செய்ய முயல்கிறது. கரண்ட் போய் வந்தால் அப்படிச் செய்யும். எரிபொருள் தீர்ந்து இஞ்சின் நிற்க வேண்டிய நேரமும் கணக்குப்படி அதுதான். அந்த நிமிஷத்து அலைவரிசை, விமானம் மிக வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது. 9:15-க்குக் கேட்டபோது பதில் இல்லை.

டியாகோ கார்சியாவுக்கு வருவோம். அந்தத் தீவு கிட்டத்தட்ட அந்தச் செயற்கைக்கோளின் காலடியில் இருக்கிறது. அங்கே இறக்கியிருந்தால் செயற்கைக்கோள் உச்சந்தலைக்குப் பக்கத்தில் இருக்கும், பதில் சீக்கிரம் வந்திருக்கும். கடைசிப் பதில் வந்த வட்டத்தில் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து 40 டிகிரி உயரத்தில்தான் தெரியும். பெரியப்பாவிடம் இதை ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் நூலையும் வைத்துக் காட்டிவிடலாம். அந்தக் கதை எங்கிருந்து முளைத்தது என்றால், மாலத்தீவில் குடா ஹுவாதூ தீவுக்காரர்கள் சிலர் அன்று காலை ஒரு பெரிய விமானம் தாழ்வாகப் போனதைப் பார்த்தோம் என்றார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு விமானத்தைப் பார்த்திருப்பார்கள்.

தாம்பரம் மணி:

ஸ்பார்க்ஸ் சார் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். கோவை நண்பர் "பதினொரு வருஷமா" என்கிறார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 2016 ஜூலை 22, இங்கே தாம்பரம் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனது. கடற்படை, கடலோரக் காவல்படை என்று எல்லோரும் தேடினார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை. இது எந்த மூலையில் இருக்கிற கடலும் இல்லை, நம் மெரினாவுக்கு எதிர்க்கடல். எங்கே மறைந்தது என்பதும் ராடாரில் தெரிந்ததுதான். அப்படியும் ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில்தான் செய்தி வந்தது. நம் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லாத நீர்மூழ்கியை விட்டுப் படம் எடுத்ததில், 3,400 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்கள். நடுவில் அந்த ஏழரை வருஷமும் இந்தப் பக்கத்து வீடுகளில் என்னென்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். எழுத மனசில்லை.

பட்டர்வொர்த் கலா:

ஸ்பார்க்ஸ் ஐயா, மிக்க நன்றி. பண்டார் பாரு ஃபார்லிம் என்று படித்ததும் கொஞ்ச நேரம் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். என் தோழியின் வீடு அங்கேதான். அந்த மார்ச் மாதம் பள்ளி விடுமுறையில் அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து நாங்களும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். டவர் எங்கள் கண்ணெதிரிலேயே நின்றிருக்கும்.

இன்னும் மூன்று கேள்வி. கைபேசி மணி அடித்தது என்கிறார்களே, அது நிஜமா? சரக்கில் மங்குஸ்தான் என்று சொன்னது சந்தேகமாக இருக்கிறது, அது சீசனே இல்லை என்று பெரியப்பா பிடிவாதமாக இருக்கிறார். மூன்றாவது கேட்கவே தயக்கமாக இருக்கிறது. கேப்டன்?

ஸ்பார்க்ஸ் தூத்துக்குடி:

மணி அடித்தது நிஜம். பெய்ஜிங்கில் உறவினர்கள் பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே டயல் செய்து காட்டினார்கள். ஆனால் உங்கள் காதில் விழுகிற அந்த "ட்ரிங் ட்ரிங்" எதிராளியின் ஃபோனிலிருந்து வருவதில்லை. அந்தக் கைபேசி எங்கே இருக்கிறது என்று நெட்வொர்க் தேடும் நேரத்தில், வைத்துவிடாமல் இருப்பதற்காக உங்களுக்கு அது போட்டுக்காட்டும் சத்தம். ஃபோன் கடலுக்கு அடியில் இருந்தாலும் சில நெட்வொர்க்குகளில் இரண்டு மூன்று தடவை அடித்துவிட்டுத்தான் கட் ஆகும். இதை விளக்குவது சுலபம். கேட்டவர்களிடம் சொல்வதுதான் கஷ்டம். மகனுடைய எண்ணை அழைத்து மணிச் சத்தம் கேட்ட ஒரு அம்மாவிடம் "அது நெட்வொர்க் போடுகிற சத்தம்மா" என்று எந்த வாயால் சொல்வது?

மங்குஸ்தான் நாலரை டன் போனது உண்மை, 4,566 கிலோ. ஜோகூரில் மூவார் பக்கம் திரட்டியது. போலீஸ் இதையும் விடவில்லை, பழம் கொடுத்தவர்கள் வரை போய் விசாரித்தார்கள். கூடவே லித்தியம் அயன் பேட்டரிகள் 221 கிலோ. தீப்பிடித்தது என்பவர்களுக்கு அந்த 221 கிலோதான் பிடி. என் டீக்கடைக் கட்சி. ஆனால் தீப்பிடித்த விமானம் ஏழு மணி நேரம் பறந்து, மணிக்கு மணி ஒழுங்காகப் பதிலும் சொல்லிக்கொண்டு இருக்குமா என்று யோசித்ததும் நானே அந்தக் கட்சியை விட்டு விலகிவிட்டேன்.

கேப்டன். 53 வயது, 18,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். வீட்டில் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருந்தார், அதில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் சில புள்ளிகள் அழிந்த கோப்புகளிலிருந்து மீட்கப்பட்டன. அது உண்மை. விசித்திரமாக வேறெதுவும் அதில் இல்லை என்று மலேசியப் போலீஸ் சொன்னதும் உண்மை. 2018 ஜூலையில் வந்த இறுதி அறிக்கை சொல்வது: திரும்பியது தானியங்கியால் அல்ல, கையால் திருப்பியது. வேறு யாரோ தலையிட்டிருக்கலாம் என்பதையும் தள்ளிவிட முடியாது. காரணத்தை முடிவாகச் சொல்ல இயலவில்லை. நானூற்றுச் சொச்சம் பக்கம் எழுதிவிட்டு "இயலவில்லை" என்று முடித்ததற்கு அன்று எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. என்னைக் கேட்டால்? எனக்கும் மனசுக்குள் ஒரு சாய்வு உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். அந்த மனிதருக்கு மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் வாரத்தில் இரண்டு ஈரானிய இளைஞர்கள் திருட்டுப் பாஸ்போர்ட்டில் ஏறியது தெரிந்ததும் உலகம் முழுக்க அவர்கள் படத்தைப் போட்டுப் பயங்கரவாதிகள் என்றது. ஒருவனுக்கு 19 வயது. ஜெர்மனியில் இருக்கும் அம்மாவிடம் போகக் கிளம்பியவன். அவனுக்காகப் பிற்பாடு வருத்தம் தெரிவித்து எந்தச் சேனலும் அதே அளவு பெரிய படம் போட்டதாக நான் பார்க்கவில்லை.

கோவை கிங்:

சார், கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன், முழுசாகப் படித்தேன். ஆனால் வட்டம் தெரியும், நேரம் தெரியும், அப்புறமும் ஏன் கிடைக்கவில்லை? அது ஒன்று மட்டும் உதைக்கிறது. கறுப்புப் பெட்டி சத்தம் போடும் என்பார்களே?

ஸ்பார்க்ஸ் தூத்துக்குடி:

நல்ல கேள்வி தம்பி. கறுப்புப் பெட்டியோடு இருக்கிற ஒலிக்கருவி 37.5 கிலோஹெர்ட்ஸில் டிக் டிக் என்று அடிக்கும், பேட்டரிக்கு ஆயுள் 30 நாள். தேடும் பகுதிக்குக் கப்பல் போய்ச் சேரும்போது அந்த 30 நாள் முடியும் தறுவாயில் இருந்தது. ஏப்ரலில் ஆஸ்திரேலியக் கப்பல் "கேட்கிறது" என்று சொல்லி, அந்த இடத்தை வாரக்கணக்கில் தோண்டித் துருவியதில் ஒன்றும் இல்லை. இன்னும் கொடுமை, விமானத் தரவுப் பெட்டியின் ஒலிக்கருவி பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதி. இப்போதெல்லாம் 90 நாள் அடிக்கிற கருவி வைக்கச் சொல்கிறார்கள்.

வட்டம் தெரியும், வட்டத்தில் எந்த இடம் என்று தெரியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமான கோடு அது. நான் அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், 1987-இல், டர்பனிலிருந்து ஃப்ரீமேண்டிலுக்கு. பதினாலு நாள். மேற்குக் காற்று ஓயவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு வழுக்காமல் இருக்க மேஜைத் துணியை ஈரம் பண்ணி விரிப்பார்கள். அந்தப் பதினாலு நாளில் வேறு ஒரு கப்பலைக் கண்ணால் பார்க்கவில்லை. ராத்திரி 500-ஐத் திறந்தால் வெறும் இரைச்சல். கப்பலின் மேலே ஆல்பட்ராஸ் பறவை ஒன்று மட்டும் கூடவே வரும். அது சாப்பாட்டுக்கு.

அந்தக் கடலின் அடியில் முதல் தேடுதலில் 1,20,000 சதுர கிலோமீட்டர் பார்த்தார்கள். தமிழ்நாடே 1,30,000 தான். தமிழ்நாட்டை நாலு கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் போட்டு, மலை பள்ளத்தாக்கோடு சேர்த்து, மேலிருந்து கயிற்றில் சோனாரைத் தொங்கவிட்டு மனிதன் நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய இரண்டு கப்பல்கள் கிடைத்தன. விமானம் இல்லை. 2017 ஜனவரி 17-ஆம் தேதி நிறுத்தினார்கள். 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற கம்பெனி இன்னொரு லட்சத்துக்கு மேல் சதுர கிலோமீட்டர் பார்த்தது. 2025 கடைசியில் திரும்பவும் தேட வந்ததும் அவர்கள்தான், கண்டுபிடித்தால் 7 கோடி டாலர், இல்லையென்றால் ஒரு பைசா கிடையாது என்ற ஒப்பந்தத்தில்.

ஆனால் "ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று சொல்லாதீர்கள். 2015 ஜூலை 29-இல் ரீயூனியன் தீவுக் கடற்கரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணில் இறக்கையின் ஒரு பாகம் பட்டது. ஃப்ளாப்பரான் என்பார்கள். ஸ்பெயினில் அந்தப் பாகத்தைச் செய்த இடத்து எண்ணை வைத்து, பிரெஞ்சுக்காரர்கள் இந்த விமானத்தினுடையதுதான் என்று உறுதி செய்தார்கள். அப்புறம் தான்சானியாவின் பெம்பா தீவில் இறக்கையின் இன்னொரு பாகம், மொரிஷியஸில் ஒரு துண்டு, மொசாம்பிக்கில் சில. தென்கடலில் விழுந்தது நீரோட்டத்தில் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம்தான் எல்லாம். பெம்பா துண்டை ஆராய்ந்தவர்கள், இறக்கையின் அந்தப் பகுதி பெரும்பாலும் உள்ளே மடங்கிய நிலையில்தான் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அதாவது மெதுவாகத் தண்ணீரில் இறக்குகிற முயற்சி அல்ல. கலா, உங்கள் அக்கா மகளுக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆரஞ்சுப் பழத்தை விட்டுவிடுங்கள், இதைச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் கலா:

பொங்கல் முடிந்தது. எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

அக்கா மகளிடம் நானே தனியாகச் சொல்லிவிட்டேன். கடற்கரையில் கிடைத்த இறக்கையைப் பற்றி. "அப்பவே சொல்லியிருக்கலாமே சின்னம்மா" என்றாள். அவ்வளவுதான்.

பெரியப்பாவிடம் வட்டம், கைகுலுக்கல் எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். 2014-இல் அவர் பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகா, அதாவது காவலாளி, வேலை பார்த்தார். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு முன்னால் வெளியே சிகரெட் பிடிக்கப் போனபோது ஒரு விமானச் சத்தம் கேட்டதாம். வழக்கமான பயிற்சி விமானச் சத்தம் இல்லையாம். விஷயம் தெரிந்த பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தாராம். "ஜாகா சொன்னா யாரு கேப்பா" என்று விட்டுவிட்டாராம். பெரியம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எங்கேயாவது இறங்கியிருந்தால் தான் சொல்லாமல் விட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அதுதான் அவர் கணக்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஐயா, அவர் கேட்டது அந்தச் சத்தமாக இருக்குமா?

ஸ்பார்க்ஸ் தூத்துக்குடி:

நேரம் ஒத்துப்போகிறது. விமானம் தீவுக்குத் தெற்கே, நல்ல உயரத்தில் போயிருக்கிறது. பிறையிலிருந்து அது காதில் விழுமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்லுங்கள் அவரிடம். அவர் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ராடாரில் தெரிந்தது, கண்டவர்களும் இருந்தார்கள். காது கேட்காததால் வந்த வினை இல்லை இது. இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ராத்திரி டியூட்டி பார்த்தவன் சொன்னால் ராத்திரி டியூட்டி பார்த்தவன் நம்புவான்.

பட்டர்வொர்த் கலா:

சொன்னேன் ஐயா. பதில் எதுவும் பேசவில்லை. மூன்று நாளாகக் குழுவில் முருகன் படம் மட்டும் வருகிறது. நேற்று ராத்திரி எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினார், உங்களிடம் கேட்கச் சொல்லி. அந்தச் சிவப்புப் பட்டை தீட்டிய கடிகாரம் இப்போதும் எங்கேயாவது பார்க்கக் கிடைக்குமா?

ஸ்பார்க்ஸ் தூத்துக்குடி:

என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். குஜராத் அலங்கில் உடைக்கப் போன கப்பலிலிருந்து வாங்கியது. தினம் நாலு நிமிஷம் பின்தங்கும், காலையில் சாவி கொடுக்கும்போது திருத்தி வைப்பேன். நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.